அரசியல் அறிவியல் படித்தால் என்ன ஆகலாம்?

(பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காக நம் குடியிருப்போர் நலச் சங்கம் நடத்திய பாராட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பிள்ளைகளுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க சார்" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். பேங்க்கில் வேலை பார்த்தவன் என்பதால் சேமிப்பு, கல்விக் கடன் என்று பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு அரசியல் அறிவியல். அதைப் படித்தவர்கள் என்ன சாதித்திருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து நம் லிஃப்டிலும் வாக்கிங் பாதையிலும் கட்-ஆஃப் பேச்சுதான். இதற்கு நடுவில் நம் பிள்ளைகளில் இரண்டு பேர் பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர ஆசைப்படுவதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்குக் கிடைத்த பதில்களும் காதில் விழுந்தன. "கட்சியில சேரப் போறியா?", "இவ்வளவு மார்க் எடுத்துட்டு ஆர்ட்ஸா?", "அதைப் படிச்சா யாரு வேலை குடுப்பா?"

கடைசிக் கேள்வி நியாயமான கேள்வி. அதைக் கேலியாகக் கேட்காமல் உண்மையாகவே கேட்டால் பதில் இருக்கிறது. பேங்க்கில் இருந்த காலத்தில் கல்விக் கடன் விண்ணப்பங்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். பொறியியல், நர்சிங், எம்.பி.ஏ. என்று கட்டுக்கட்டாக வரும். அரசியல் அறிவியல் என்று எழுதிய விண்ணப்பம் ஒன்றுகூட வந்ததாக நினைவில்லை. அப்படி யாருமே தொடாத படிப்பா இது என்ற ஆர்வத்தில் ஓய்வுக்குப் பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் இது என்ன படிப்பு?

அரசியல் என்றதும் நமக்குக் கொடியும் மைக்கும் ஞாபகத்துக்கு வருகின்றன. பாடமாகப் பார்த்தால் அது கேட்கும் கேள்விகள் வேறு. பல பேர் சேர்ந்து வாழும் இடத்தில் முடிவெடுப்பது யார்? எந்த விதிப்படி? அந்த விதியை எழுதியது யார்? முடிவு தப்பாகப் போனால் யாரைப் போய்க் கேட்பது? ஐ.நா. சபைக்கும் இந்தக் கேள்விகள்தான், கிராம ஊராட்சிக்கும் இவைதான், நூறு வீடு இருக்கிற நம் குடியிருப்புக்கும் இவைதான்.

அரசமைப்புச் சட்டம், பொது நிர்வாகம், உள்ளாட்சி, பன்னாட்டு உறவுகள், அரசியல் சிந்தனையின் வரலாறு ஆகியவை இதில் வரும் முக்கியப் பாடங்கள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் 11, 12-ஆம் வகுப்புகளிலேயே இது ஒரு தனிப் பாடம்.

நாம் அறிந்த சில பெயர்கள்

முதல் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. கட்சி விருப்பு வெறுப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேளுங்கள். அறிஞர் அண்ணா சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர். அவருடைய எம்.ஏ. பட்டம் பொருளாதாரமும் அரசியலும் சேர்ந்தது. குடும்பச் சூழ்நிலையால் இடையில் படிப்பை நிறுத்திவிட்டு, காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். கிளார்க்காகவே காலம் தள்ளிய எனக்கு அதைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவர் முதலமைச்சராக இருந்தது 1967 மார்ச் முதல் 1969 பிப்ரவரி வரை, இரண்டு வருஷத்துக்கும் குறைவு. அதற்குள் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. இந்தப் பெயர் மாற்றம் நடந்த முறையைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். 1967 ஜூலை 18-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் ஒரு மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்திடம்தான் இருக்கிறது. அதனால் 1968-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1969 ஜனவரி 14, பொங்கல் திருநாளில் பெயர் நடைமுறைக்கு வந்தது. உணர்ச்சியாகத் தொடங்கிய ஒரு கோரிக்கை, எந்தக் கதவைத் தட்டினால் சட்டமாகும் என்று தெரிந்தவர்களால் நிறைவேறியது. அரசியல் அறிவியல் சொல்லித்தருவது அந்தக் கதவுகள் எங்கே இருக்கின்றன என்பதைத்தான்.

இரண்டாவது, கே.ஆர்.நாராயணன். கேரளத்தில் உழவூர் என்ற கிராமத்தில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, டாட்டா உதவித்தொகையில் 1945-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். அங்கே ஹெரால்டு லாஸ்கி என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் அரசியல் அறிவியலைச் சிறப்புப் பாடமாகப் படித்தார். வெளியுறவுப் பணியில் சேர்ந்து சீனாவிலும் அமெரிக்காவிலும் நம் தூதராக இருந்து, 1997-இல் குடியரசுத் தலைவர் ஆனார்.

பதவியைவிட அந்தப் பதவியில் அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1997-இல் உத்தரப் பிரதேசத்திலும், 1998-இல் பீகாரிலும் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. முதல் முறை இருந்தது ஒரு கூட்டணி அரசு, இரண்டாம் முறை இருந்தது அதற்கு எதிரான கூட்டணி அரசு. இரண்டு முறையும் அவர் கோப்பில் கையெழுத்துப் போடாமல், மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அப்படித் திருப்பி அனுப்பும் உரிமை அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்த, அது இருப்பது தெரிந்திருக்க வேண்டும்; துணிச்சலும் வேண்டும்.

மூன்றாவது, இன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ்.ஜெய்சங்கர். தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். இளங்கலையில் வேதியியல் படித்தவர். பிறகு பாதை மாறி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் எம்.ஏ.வும், பன்னாட்டு உறவுகளில் முனைவர் பட்டமும் பெற்றார். 1977-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதர், வெளியுறவுச் செயலாளர், 2019 முதல் அமைச்சர். அறிவியல் படித்த பிள்ளை பிறகு இந்தப் பக்கம் வர முடியுமா என்று கேட்பவர்களுக்கு இவர் ஒரு பதில்.

நான்காவது பெயர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஏ.ஜெயரத்தினம் வில்சன், இலங்கைத் தமிழர். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்று, பேராதனையில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தார். 1972-இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தந்தை செல்வாவின் மருமகன். 1970-களின் கடைசியிலிருந்து 1983 வரை ஜனாதிபதி ஜெயவர்த்தனவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் நடுவில் பேச்சுவார்த்தைக்குப் பாலமாக இருந்தார். மாவட்ட சபைகள் மூலம் அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்க முடியுமா என்று முயன்று பார்த்தார். அந்த முயற்சி வெற்றி பெறவில்லை. 1983-இல் நடந்தது நமக்குத் தெரியும். ஆனாலும் எங்கே, எப்படி உடைந்தது என்பதைப் பதவியாசையின்றி எழுதி வைத்துவிட்டுப் போனார். தோற்ற முயற்சியை நேர்மையாகப் பதிவு செய்வதும் ஒரு சாதனைதான்.

இளையவர்களுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டுமானால் டீனா டாபி. டெல்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்து, 2015-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் அகில இந்திய அளவில் முதலிடம் பெற்றவர். வெளிநாட்டில் பார்த்தால் ஒபாமா கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தது அரசியல் அறிவியல்தான். அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் படித்ததும் அதுதான்.

கிளார்க்காகத் தொடங்கி நோபல் வரை

இதுவரை சொன்னவர்கள் அரசாங்கத்தோடு தொடர்புள்ளவர்கள். "அப்ப சார், ஐ.ஏ.எஸ். இல்லன்னா அரசியல், வேற வழி இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்கலாம். அதற்காகவே எனக்கு மிகவும் பிடித்த ஒருவரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அவர் எந்தப் பதவிக்கும் போட்டியிடவில்லை. அவர் ஆராய்ந்தது தண்ணீரை.

எலினார் ஆஸ்ட்ரம் 1933-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். சாதாரணக் குடும்பம். அங்கேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பட்டம் பெற்றார். வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, டைப்ரைட்டிங் தெரியுமா, ஷார்ட்ஹேண்ட் தெரியுமா என்பதுதான். பட்டம் பெற்ற பெண்ணுக்கு அன்று இருந்த மரியாதை அவ்வளவுதான். தபால் வழியில் சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு, ஒரு நிறுவனத்தில் ஏற்றுமதிப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார்.

மறுபடி படிக்க ஆசை வந்தது. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்கலாம் என்று கேட்டுப் பார்த்தார். பள்ளியிலேயே பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று திரிகோணவியல் படிக்க விடாமல் செய்திருந்தார்கள். கணக்குப் பின்னணி போதாது என்று பொருளாதாரப் பக்கம் கதவு திறக்கவில்லை. சரி என்று அரசியல் அறிவியலிலேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். 2009-இல் அதே பெண்மணிக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவருடைய முதல் ஆராய்ச்சி என்ன தெரியுமா? போர்வெல். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் கடலோரமாக ஒரு நிலத்தடி நீர்ப்பரப்பு. அதற்கு மேல் இருந்த நகராட்சிகள், கம்பெனிகள், விவசாயிகள் எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்கு உறிஞ்சினார்கள். நீர்மட்டம் இறங்கியது, கடல்நீர் உள்ளே வர ஆரம்பித்தது. நான் நிறுத்தினால் பக்கத்துக்காரன் எடுத்துவிடுவானே என்று ஒவ்வொருவருக்கும் பயம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற கணக்கை மேஜையில் போட்டு, எல்லோரும் குறைத்துக்கொள்வது என்று ஒப்பந்தம் செய்து, அதற்கு நீதிமன்றத்தின் முத்திரையும் வாங்கினார்கள். இதைத்தான் அவர் ஆய்வேடாக எழுதினார்.

அந்தக் காலத்தில் நிபுணர்கள் சொன்னது வேறு. பொதுச் சொத்து என்றால் அது அழிந்தே தீரும். ஒன்று அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது பங்கு போட்டுத் தனியாருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். 1968-இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது வேதவாக்கு போல ஆகிவிட்டது. ஆஸ்ட்ரம் நேரில் போய்ப் பார்த்தார். நேபாளத்தில் விவசாயிகளே கட்டிப் பராமரித்த வாய்க்கால் பாசனம், அரசு கட்டிக்கொடுத்த நவீனக் கால்வாய்களைவிடப் பெரும்பாலும் நன்றாக நடப்பதைக் கண்டார். ஸ்பெயினின் வலென்சியா நகரில் விவசாயிகளின் தண்ணீர் நீதிமன்றம் இன்றும் வியாழக்கிழமைதோறும் பேராலயத்தின் வாசலில் கூடுகிறது. இப்படி நூற்றாண்டுகளாக நிலைத்த ஏற்பாடுகளுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டு, 1990-இல் ஒரு நூலில் எட்டு அம்சங்களாகச் சொன்னார்.

நம்ம ஊர்க் கண்மாய்க்கும் அதே கணக்கு

அந்த எட்டையும் படித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகத்துக்கு வரவில்லை. நம் மதுரைச் சுற்றுவட்டாரக் கண்மாய்கள்தான் வந்தன. மாடக்குளம், தல்லாகுளம், பீபிகுளம் என்று நம் ஊர்ப் பெயர்களே தண்ணீரில் நிற்கின்றன. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள்.

எந்த மடைக்கு எவ்வளவு நிலம் என்று ஆயக்கட்டு தெளிவாக இருந்தது. அதாவது எல்லை. வரத்துக்கால் வெட்டவும் கரை பலப்படுத்தவும் நிலத்தின் அளவுக்குத் தக்கபடி ஆள் அனுப்ப வேண்டும். அதுதான் குடிமராமத்து. மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பு நீர்ப்பாய்ச்சிக்கு. சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள். அவருக்குக் கூலி அறுவடைக் களத்தில் நெல்லாகக் கிடைக்கும். எந்த வயலுக்குத் தண்ணீர் போனது என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது. தகராறு வந்தால் ஊர்க்கூட்டம், பொதுமடம். கோர்ட்டுக்குப் போகிற செலவு இல்லை.

அந்த ஏற்பாடு முழுக்கப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் பாய்ச்சியவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். தண்ணீர் பெற்ற நிலம் பெரும்பாலும் மற்றவர்களுடையது. விதி எழுதும் கூட்டத்தில் அவருக்கு இடம் இல்லை. விதியால் பாதிக்கப்படுகிறவருக்கு விதியை மாற்றுவதில் குரல் வேண்டும் என்பது ஆஸ்ட்ரம் சொன்ன எட்டில் ஒன்று. நம் பழைய ஏற்பாடு அந்த இடத்தில் தவறியது.

இன்று இந்த வேலையைப் புது முறையில் செய்கிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற பெயரில் பாசன விவசாயிகளைச் சங்கமாக்கிக் கண்மாய்களைச் சீரமைக்கிறது. பேங்க் கவுன்டரில் நான் பார்த்ததும் இதையேதான் சொன்னது. மகளிர் சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டம் 1992-இல் நபார்டு தொடங்கியது. அடமானம் கிடையாது. ஆனால் தீர்மானப் புத்தகம் ஒழுங்காக இருக்கும், வாரம் தவறாமல் கூடும், கூட்டத்துக்கு வராதவருக்குச் சின்ன அபராதம் போடும் குழுக்களின் தவணை தேதி தவறாது. விதி அவர்களே போட்டது. அதுதான் காரணம்.

நம் மாவட்டத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவிகளில் தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு வந்தது. தமிழ்நாட்டில் 1996-இல் தேர்தல் நடந்தது. ஆனால் நம் மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் முறையான தேர்தல் நடந்து, தலைவர் பதவியில் உட்கார 2006 வரை ஆயிற்று. மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவரே கொல்லப்பட்டார். காகிதத்தில் விதி எழுதுவது ஒன்று, ஊரில் அது நடப்பது வேறொன்று. அந்த இடைவெளியில்தான் இந்தப் படிப்பைப் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலையும் வளர்ச்சி நிர்வாகத்தையும் சேர்த்தே ஒரு துறையாக வைத்திருக்கிறார்கள். அந்தத் துறையின் பேராசிரியராக இருந்த க.பழனித்துரை, ஊராட்சிகளைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதியும் ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி அளித்தும் வந்தவர். தமிழிலேயே எழுதியிருக்கிறார், படித்துப் பாருங்கள்.

நம் குடியிருப்பில் இதைப் பொருத்திப் பார்ப்போம்

போன கோடையில் நம் இரண்டு போர்வெல்லில் ஒன்று காற்றுதான் விட்டது. லாரித் தண்ணீருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே மெயின்டனன்ஸ். தண்ணீர் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் சண்டை மட்டும் குறைவில்லை.

ஆஸ்ட்ரம் சொன்னதை வைத்து நான்கு கேள்விகள் கேட்கிறேன். ஒன்று, செலவைப் பயன்பாட்டுக்குத் தக்கபடி பங்கிட வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்போமா? இரண்டு, சம்ப் அளவையும் லாரிக் கணக்கையும் தினம் அறிவிப்புப் பலகையில் எழுதுவோமா? மூன்று, விதி மீறினால் முதல் முறை நினைவூட்டல், அடுத்த முறை சின்னத் தொகை, பிறகு கொஞ்சம் கூடுதல் என்று படிப்படியாக வைப்போமா? நீண்ட காலம் நிலைத்த ஏற்பாடுகளில் அபராதம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாகவே இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். நான்கு, வாடகைக்கு இருப்பவர்களும் இதே தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்? விதி எழுதும்போது அவர்களையும் கூப்பிடுவோமா?

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய உத்திரமேரூர்ச் சோழர் காலக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருக்கிறது. குடவோலை முறையில் ஆள் எடுத்தார்கள். பதவிக்காலம் ஒரு வருஷம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. பேங்க் ஆடிட்டில்கூட இவ்வளவு கண்டிப்பு நான் பார்த்ததில்லை. நம் சங்கமும் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நடக்க வேண்டியதுதான். பொதுக்குழு கூட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். போன பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வந்தோம் என்று அவரவர் மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

வேலை கிடைக்குமா? ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்

பி.ஏ. முடித்த மறுநாள் கேம்பஸ் இன்டர்வியூவில் ஆள் எடுக்கிற படிப்பு இது இல்லை. மூன்று வருஷம் சும்மா போய் வந்தால் பட்டம் மட்டும்தான் மிஞ்சும். இதைப் பிள்ளைகள் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

ஆனால் உழைத்தால் வழிகள் பல. குடிமைப் பணித் தேர்வில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் ஒரு விருப்பப் பாடம். இரண்டு தாள், 500 மதிப்பெண். அதைத் தவிர பொது அறிவுத் தாள்களில் ஒன்று கிட்டத்தட்ட முழுக்க ஆட்சிமுறை, அரசமைப்பு, சமூக நீதி, பன்னாட்டு உறவு பற்றியதுதான். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் இந்திய ஆட்சியியல் தனிப் பகுதியாகவே வருகிறது. பி.ஏ.வுக்குப் பிறகு மூன்று வருஷச் சட்டப் படிப்பில் சேரலாம். எம்.ஏ. முடித்து நெட் தேர்வு எழுதினால் கல்லூரி ஆசிரியர் பணிக்குப் போகலாம். இதழியல், தொண்டு நிறுவனங்கள், கொள்கை ஆராய்ச்சி மையங்கள், தேர்தல் ஆய்வு என்று மற்ற பாதைகளும் உண்டு.

படிக்கும்போதே செய்ய வேண்டியவை மூன்று. தினம் ஒரு தமிழ் நாளிதழும் ஓர் ஆங்கில நாளிதழும் தலையங்கம் உட்பட வாசிக்க வேண்டும். புள்ளிவிவரத்தைப் பார்த்து மிரளாத அளவுக்குக் கணக்கு வேண்டும். அதில் ஆஸ்ட்ரம் பட்ட கஷ்டம் நீங்கள் பட வேண்டாம். வருஷத்துக்கு நான்கு முறையாவது ஒரு கிராமசபைக் கூட்டத்துக்கு நேரில் போய் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதிகள் ஊரறிந்தவை. நம்மைச் சுற்றி கிராமங்களுக்குப் பஞ்சமில்லை.

சென்னையில் மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி போன்ற இடங்களில் இளங்கலை இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே எம்.ஏ. படிக்கலாம், வயது தடையில்லை. ஓய்வு பெற்ற நண்பர்கள் யோசிக்கலாம்.

பெற்றோர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. பிள்ளை தூங்கி வழிந்துகொண்டு ஏதோ ஒன்று என்று கேட்டால் மறுத்துப் பேசுங்கள். ஆனால் யோசித்து, விரும்பி, இதுதான் வேண்டும் என்று கேட்டால் லிஃப்டில் கேட்ட கேலிக்காகத் தடுக்காதீர்கள். கேட்கிறவர்கள் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். படிக்கப் போவது உங்கள் பிள்ளை.

தண்ணீர் மீட்டர், தினசரிக் கணக்குப் பலகை, படிப்படியான அபராதம், வாடகைதாரர்களின் பங்கேற்பு ஆகிய நான்கையும் அடுத்த பொதுக்குழுவின் பொருள் நிரலில் சேர்க்கும்படி செயலாளரிடம் எழுத்துமூலம் கொடுத்திருக்கிறேன். ஆதரிப்பவர்களும் வாருங்கள், எதிர்ப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அரசியல் அறிவியலின் முதல் வகுப்பு அவர்களுக்கு அங்கேயே இலவசமாகக் கிடைக்கும்.